சுண்டுக்கும் கிராமுக்கும் எங்கள் குசினியில் ஒரு அட்டவணை

இப்போது எங்கள் குசினியில் யார் மா குழைத்தாலும் இடியப்ப உரலில் ஒரே மாதிரி இறங்குகிறது. மாமி குழைத்தாலும் சரி, நான் குழைத்தாலும் சரி, விடியப்புறம் உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுத் தங்கச்சி குழைத்தாலும் சரி. திருகோணமலையில் உப்புவெளிப் பக்கத்து விடுதிகள் சிலவற்றுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்கிறோம். இடியப்பம், பிட்டு, வெள்ளைக்காரர் வந்து நிற்கும் மாதங்களில் பான்கேக், ஓடர் வந்தால் பட்டர் கேக். இவ்வளவும் தடுமாறாமல் போவதற்குக் காரணம் அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஒரு கடதாசி. எங்கள் சுண்டு (அரிசி, மா அளக்கும் பேணி), கப், கரண்டி ஒவ்வொன்றும் எத்தனை மில்லிலீட்டர் கொள்ளும், எங்கள் சாமான் ஒவ்வொன்றும் 100 மில்லிலீட்டருக்கு எத்தனை கிராம் நிற்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதை உண்டாக்கிய விதத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

மாமி தனியாகச் செய்த காலத்தில் இதற்குத் தேவை வரவில்லை. "மூண்டு சுண்டு மா, ரெண்டேகால் சுண்டு கொதிதண்ணி, அவ்வளவுதான் பிள்ளை" என்பார். அவர் கையில் அது ஒருநாளும் பிழைத்ததில்லை. அதே கணக்கைத் தங்கச்சி செய்தால் ஒருநாள் பதமாக வரும், மறுநாள் உரலின் பிடி உடையுமளவுக்கு இறுகும். மாவும் அதே மா, சுண்டும் அதே சுண்டு. இருவரும் மா எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. மாமி அரிதட்டில் அரித்த மாவை அகப்பையால் அள்ளிச் சுண்டுக்குள் தூவி, விரலால் வழித்துவிடுவார். தங்கச்சி மாப்பேணிக்குள் சுண்டை நேரே விட்டு அள்ளி, மேசையில் ஒரு தட்டுத் தட்டி மட்டம் பார்ப்பாள்.

முதலில் இணையத்தில் கிடைத்த அட்டவணை ஒன்றை எழுதி ஒட்டினேன். அது உதவவில்லை. ஒரு கப் கோதுமை மா 120 கிராம் என்று ஒன்று சொல்கிறது, 125 என்று இன்னொன்று, 150 என்று வேறொன்று. மூன்றும் அவரவர் கணக்கில் சரிதான். அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மி.லீ. அவுஸ்திரேலியாவில் 250. பழைய பிரிட்டிஷ் குறிப்புகளில் வருவது அரைப் பைன்ட், 284 மி.லீ. யப்பானில் 200. மேசைக்கரண்டி பல இடங்களில் 15 மி.லீ., அவுஸ்திரேலியாவில் மட்டும் 20. ஒரு குறிப்பில் எல்லாமே கப் கணக்கில் இருந்தால் எந்தக் கப்பை எடுத்தாலும் விகிதம் குலையாது. ஆனால் முட்டையை எண்ணித்தான் போடுகிறோம், பேக்கிங் பவுடரைக் கரண்டியில் போடுகிறோம், டின்பாலை டின்னோடு ஊற்றுகிறோம். அந்த இடத்தில்தான் கப்பின் அளவு தன் வேலையைக் காட்டும். அதோடு, எங்கள் சிவப்பரிசி வறுத்த மாவுக்கும் சுண்டுக்கும் அந்த அட்டவணைகளில் இடமே இல்லை. ஆகவே எல்லாவற்றையும் எங்கள் வீட்டிலேயே நிறுப்பது என்று தீர்மானித்தேன்.

தராசு ஒன்று வாங்கினேன். 10 கிலோ வரை தாங்கும், 1 கிராம் படியில் காட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் தராசு, 2,100 ரூபா. வாங்கியவுடன் அதை நம்பிவிடக் கூடாது. தெரிந்த கடைக்காரரிடம் முத்திரை குத்திய 500 கிராம் படிக்கல்லைச் சிறிது நேரம் கேட்டு வாங்கி வைத்துப் பார்த்தேன். 499க்கும் 500க்கும் இடையில் நின்றது. அது போதும். பிறகு பார்மசியில் ஊசியில்லாத 10 மி.லீ. சிரிஞ்ச் வாங்கி, பத்துத் தரம் தண்ணீர் ஏற்றிக் கிண்ணத்தில் விட்டேன். 100 கிராம் காட்ட வேண்டும், 100 காட்டியது. இப்படித் தராசும் சிரிஞ்சும் ஒன்றுக்கொன்று சாட்சியாகின. நம்மூர்ச் சூட்டில், 30 பாகையில், ஒரு லீட்டர் தண்ணீர் ஏறத்தாழ 996 கிராம். ஒரு கப்புக்கு ஒரு கிராம்தான் குறையும். அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

தராசை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். மேசைத்துணிக்கு மேல் வைத்தால் கால் அமிழ்ந்து அளவு ஆடுகிறது. ஃபான் ஓடினால் அகலமான தட்டில் காற்றுப் பட்டு இரண்டு மூன்று கிராம் கூடிக் குறைகிறது. நான் குசினியின் சீமெந்துத் திண்ணையில் வைத்து, ஃபானை நிற்பாட்டிவிட்டுத்தான் எல்லாவற்றையும் நிறுத்தேன். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் யன்னலையும் சாத்த வேண்டியிருந்தது.

அடுத்தது பாத்திரங்கள். ஒவ்வொன்றையும் வெறுமையாக வைத்துத் தராசைச் சுழியாக்கி (0 காட்ட வைத்து), தண்ணீர் நிரப்பி நிறுத்தேன். நிறைய நிரப்பினால் தண்ணீர் விளிம்புக்கு மேலே குவிந்து நிற்கும். சுண்டின் வாயில் அந்தக் குவியல் மட்டும் ஐந்து கிராமுக்குக் கிட்ட வந்தது. ஒரு தட்டையான கண்ணாடித் துண்டை வாயில் பக்கவாட்டாகத் தள்ளி மூடி, உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல், வெளியே வழிந்ததைத் துடைத்துவிட்டு நிறுத்தால் சரியான கொள்ளளவு வரும். கண்ணாடியின் எடையைக் கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மாமியின் சுண்டு பழைய சிகரெட் பேணி. அது 268 மி.லீ. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் அளவுக் கப் 237. ஆகவே அது அமெரிக்கக் கணக்கு. தேத்தண்ணி குடிக்கும் பீங்கான் கப் விளிம்பு வரை 195. கோடு போட்ட ஒரு லீட்டர் ஜக்கில் 500 கோடு வரை ஊற்றினால் 483 கிராம்தான் வந்தது. அதனால் ஜக்கின் கோடுகளை விட்டுவிட்டு, சரியான இடத்தில் நான் மார்க்கரால் புதுக் கோடு போட்டேன். வீட்டு எவர்சில்வர் கரண்டிகளைச் சிரிஞ்சால் அளந்தபோது தேக்கரண்டி ஒன்று 3.8, இன்னொன்று 4.6, மேசைக்கரண்டி 11 மி.லீ. சமையல் குறிப்புகளில் வரும் 5, 15 என்ற கணக்குக்கு இவை ஒன்றும் பொருந்தாது. இப்போது அளவுக்கென்று தனியாக ஒரு கரண்டிக் கட்டு ஆணியில் தொங்குகிறது. மற்றக் கரண்டிகள் கலக்கவும் சாப்பிடவும்தான்.

அட்டவணையை எப்படிப் போடுவது என்று யோசித்து, ஒவ்வொரு சாமானுக்கும் 100 மி.லீ.க்கு எத்தனை கிராம் என்று மட்டும் எழுதினேன். சுண்டு நெளிந்தாலும், புதுக் கப் வாங்கினாலும், பாத்திரத்தின் மில்லிலீட்டரை மட்டும் மாற்றினால் போதும். சாமானின் எண் அப்படியே நிற்கும். சுண்டுக்கு 2.68 ஆல் பெருக்க வேண்டும், பிளாஸ்டிக் கப்புக்கு 2.37 ஆல்.

தானியங்கள் சொன்னபடி கேட்கின்றன. நாட்டரிசி 82 கிராம். சுண்டுக்கு 220, நாலு சுண்டு சேர்ந்த கொத்துக்கு 880. உடைத்த உளுந்து 84, பயறு 83, ரவை 72. சீனியைத் தூவினாலும் அள்ளினாலும் 85, 87 என்றுதான் வருகிறது, நன்றாகத் தட்டினால் 91. இவற்றுக்கு ஒரே எண் எழுதினால் போதும்.

மா வகைகளுக்குப் போதாது. ஒவ்வொரு மாவையும் மூன்று விதமாக நிரப்பி நிறுத்தேன்: அரித்துத் தூவி வழித்தது, பேணிக்குள் விட்டு அள்ளி வழித்தது, அள்ளித் தட்டி மேலும் நிரப்பி வழித்தது. ஒவ்வொன்றையும் பல தரம் செய்து நடு எண்ணை எடுத்தேன். கோதுமை மா 52, 62, 70. ஆலை நம்மூர்ச் சீனக்குடாவிலேயே இருக்கிறது, மா ஒரே தரமாகத்தான் வருகிறது. ஆனாலும் சாக்கின் அடியில் அமுங்கியிருந்த மாவை அப்படியே அள்ளினால் அரித்ததைவிடக் கூட நிற்கிறது. வறுத்த சிவப்பரிசி மா 52, 61, 69. இதைச் சுண்டுக்குப் பெருக்கினால் 139, 163, 185.

தங்கச்சியின் இறுகிய இடியப்பத்துக்கு விடை இந்த எண்களில் இருந்தது. மாமியின் மூன்று சுண்டு மா ஏறத்தாழ 418 கிராம். தங்கச்சியின் மூன்று சுண்டு 555 கிராம். தண்ணீர் இருவருக்கும் அதே இரண்டேகால் சுண்டு, 603 மி.லீ. மாமியின் மாவுக்கு அது கிராமுக்கு 1.44, தங்கச்சியின் மாவுக்கு 1.09. ஒரே சொல்லைப் பிசகாமல் கேட்டு நடந்த இரண்டு பேருக்கு 137 கிராம் மா வித்தியாசம். அன்றிலிருந்து எங்கள் கணக்கு 500 கிராம் மாவுக்கு 720 கிராம் தண்ணீர்.

தண்ணீருக்கும் கிராம் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொதிக்கும் தண்ணீர் விரிந்து நிற்கும். ஒரு லீட்டர் கொதிதண்ணீர் ஏறத்தாழ 958 கிராம்தான். குளிர்ந்த தண்ணீராக அளந்து வைத்துக் கொதிக்கவிட்டால் ஆவியாக ஒரு பங்கு போய்விடும், எவ்வளவு போகும் என்பது அடுப்பையும் மூடியையும் பொறுத்தது. ஆகவே கொதித்த பிறகு, மாச்சட்டியைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, கேத்தலிலிருந்து நேரே 720 காட்டும் வரை ஊற்றுகிறோம். இரண்டு மூன்று தரமாக ஊற்றி இடையில் அகப்பைக் காம்பால் கிளற வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் கட்டி விழும். சட்டி சூடாகும் என்பதால் தராசுக்கு மேல் ஒரு பலகைத் துண்டு வைக்கிறோம். மாமி இப்போதும் கையால் பதம் பார்க்கிறார். பார்த்துவிட்டு, "சரியாத்தான் கிடக்கு" என்கிறார்.

தேங்காய்ப்பூதான் எனக்குப் பெரிய பாடு. தளர்வாகப் போட்டால் 100 மி.லீ.க்கு 33 கிராம், விரலால் அமர்த்தினால் 50. முற்றிய தேங்காய்க்கும் இளசுக்கும் இன்னும் மாறுகிறது. பிட்டுக்கு இது அவ்வளவு பிரச்சினை இல்லை, நீத்துப்பெட்டியில் கூடக் குறையப் போட்டாலும் தின்னலாம். கேக்குக்கும் பணியாரத்துக்கும் இனிமேல் தேங்காய்ப்பூவைக் கிராமில் மட்டும்தான் எடுப்பது என்று அட்டவணையில் கப் எண்ணையே எழுதாமல் விட்டேன்.

திரவங்கள் எளிது. தேங்காய்ப்பால் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரியே. தேங்காய் எண்ணெய் 92. திருகோணமலையில் அது உறைந்து நிற்பதில்லை என்பதால் வருசம் முழுவதும் இந்தக் கணக்கை நம்பலாம். கடையில் போத்தல் கணக்கில் வாங்கும் எண்ணெய் 750 மி.லீ., நிறுத்தால் 690 கிராம். விடுதிக்காரர் ஒருவர் கிலோக் கணக்கில் விலை கேட்டபோது இந்த எண் உடனே உதவியது. தேன் 140. ஒரு போத்தல் தேன் 1,050 கிராமுக்குக் கிட்ட நிற்க வேண்டும். அதற்கு நன்றாகக் குறைந்தால் தண்ணீர் கூடிய தேன் என்று சந்தேகப்படலாம். மாஜரீன் 95, ஆனால் அதைக் கப்பில் அமர்த்தி நிரப்பி வழித்து எடுப்பது வீண் வேலை, பாதி கப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். சட்டியோடு வைத்து நிறுத்துவிடுங்கள்.

கரண்டி அளவுகளுக்கு 1 கிராம் தராசு போதாது. அதில் இன்னொரு குணமும் இருக்கிறது. சுழியாக்கிய பிறகு மஞ்சள்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் எண் அசையாமல் சுழியிலேயே நிற்கும். சிறு மாற்றத்தைத் தராசு தானாகவே சுழியாக்கிக்கொண்டு போகிறது. இதைத் தவிர்க்க, பத்துக் கரண்டியை வேறு கிண்ணத்தில் சேர்த்து ஒரேயடியாக வைத்து நிறுத்துப் பத்தால் வகுத்தேன். பிறகு 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்றையும் 1,650 ரூபாவுக்கு வாங்கினேன். மட்டமாக வழித்த 5 மி.லீ. கரண்டிக்குத் தூள் உப்பு 6 கிராம், நிலாவெளி உப்பளப் பக்கத்திலிருந்து வரும் கல்லுப்பு 5.2, மிளகாய்த்தூள் 2.3, மஞ்சள்தூள் 3, பேக்கிங் பவுடர் 4.5. கரண்டியைக் குவித்து எடுத்தால் மிளகாய்த்தூள் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. நம் வீடுகளில் ஒரு கரண்டி மிளகாய்த்தூள் என்றால் குவித்த கரண்டிதான். குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லோரும் குவித்ததா வழித்ததா என்று ஒரு சொல் சேர்த்து எழுதினால் எத்தனையோ கறிகள் தப்பும்.

பிறகு மாமியின் கொப்பியை எடுத்தேன். அதில் கேக் எல்லாம் இறாத்தல், அவுன்ஸ். இறாத்தல் 453.6 கிராம், அவுன்ஸ் 28.35. பேக்கரியில் இறாத்தல் பாண் என்று நாம் வாங்குவது 450 கிராம் என்பதால் நானும் 450 என்றே எழுதிக்கொண்டேன். பலர் இறாத்தலை அரைக் கிலோவாக்கிவிடுகிறார்கள். மா, சீனி, மாஜரீன் மூன்றையும் 500 ஆக்கினால் மூன்றும் பத்து வீதம் கூடும், ஆனால் முட்டை கொப்பியில் உள்ள அதே 9 தான். எங்களுக்குக் கிடைக்கும் முட்டைகள் ஓடு நீக்கி 47 முதல் 52 கிராம் வரை நிற்கின்றன. 9 முட்டை 450 கிராமுக்குக் கிட்ட வரும். நாலு சாமானும் சமஎடை என்பதுதான் அந்தக் கேக்கின் அடிப்படை. 500 ஆக்கினால் முட்டையையும் 10 ஆக்க வேண்டும். இப்போது முட்டையை எண்ணுவதில்லை, உடைத்து நிறுக்கிறேன். சின்ன முட்டை வந்த கிழமையிலும் கேக் காய்ந்து போவதில்லை. கொப்பியில் "4 அவுன்ஸ் பால்" என்று இருந்தால் அது திரவ அவுன்ஸ். பிரிட்டிஷ் கணக்கில் 28.4 மி.லீ., அதாவது 114 மி.லீ. பால். அமெரிக்கத் திரவ அவுன்ஸ் 29.6 என்பதால் இணையக் குறிப்புகளுக்கு அதை வேறாகப் பார்க்க வேண்டும்.

பான்கேக் குறிப்பை அப்படித்தான் பிடித்தேன். அவுன்சும் ஃபாரன்ஹீட்டும் இருந்ததால் அமெரிக்கக் கப் என்று எடுத்து, ஒன்றரைக் கப் மாவைத் தூவிய கணக்கில் 185 கிராமாக்கினேன். மா கரைசல் அகப்பையிலிருந்து தடையில்லாமல் வழிந்தது, பான்கேக்கும் மெத்தென்று வந்தது.

மாரி தொடங்கியதும் வேறொரு சோதனை செய்தேன். வாடைக்காற்றோடு மழை பிடித்த நாள் ஒன்றில் 100 கிராம் வறுத்த மாவைத் தட்டில் பரப்பி இரவு முழுவதும் திறந்து வைத்தேன். காலையில் 104. காற்றின் ஈரத்தை மா இழுத்துவிட்டது. ஆகவே நிறுத்தாலும் மாரியில் ஒரு சின்ன வித்தியாசம் வரும். 500 கிராமுக்குத் தண்ணீரை 700 இல் தொடங்கிப் பதம் பார்த்துக் கூட்டுகிறோம். வறுத்து ஆறியவுடன் இறுக்கமான மூடி போட்ட வாளிக்குள் போட்டால் இந்தத் தொல்லை குறைகிறது.

செலவு: பெரிய தராசு 2,100, சின்னத் தராசு 1,650, சிரிஞ்ச் இரண்டு 80, ஜக் 450, லமினேட் 100. மொத்தம் 4,380 ரூபா. மறுபடி செய்வதென்றால் ஜக்கை வாங்கமாட்டேன், தராசே அந்த வேலையைச் செய்கிறது. லமினேட்டும் செய்யமாட்டேன். அரிசியை மில்லில் அரைத்து வரும் ஒவ்வொரு தரமும் நைஸ் மாறுகிறது, வறுவலும் மாறுகிறது, அதோடு 52 என்ற எண்ணும் ஒன்றிரண்டு கூடிக் குறைகிறது. லமினேட்டின் மேல் பென்சில் பிடிக்காது. சிவப்பரிசி மாவின் வரிசைக்கு மட்டும் இப்போது வெறும் கடதாசித் துண்டு ஒன்றைப் பக்கத்தில் ஒட்டி, புது மா வறுக்கும் ஒவ்வொரு முறையும் திகதியையும் எண்ணையும் எழுதுகிறோம். அந்த வேலையைத் தங்கச்சி எடுத்துக்கொண்டாள். இனிக் குரக்கன் மாவையும் ஒடியல் மாவையும் நிறுக்க வேண்டும்; இரண்டும் வாங்கி வைத்தாயிற்று.